நாலாவது குண்டு வலப்பக்கம் போன கதை

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கருமத்தம்பட்டியில் ஒரு தகரக் கொட்டகையும் யாரோ கழித்துப்போட்ட ஒரு லேத்தும் வைத்துத் தொழில் தொடங்கினேன். அந்த லேத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் இது பழைய இரும்புக் கடைக்குத்தான் ஆகும் என்றார்கள். அதிலேயே விசைத்தறிக்கு வேண்டிய பல்சக்கரமும் ஷாஃப்டும் கடைந்து கொடுத்தேன். அடியில் பாறை, தண்ணீர் வராது என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். வீடு கட்டும்போது இன்ஜினியர் போட்ட படத்தை ஓரமாக வைத்துவிட்டு, மாடிப்படியின் வளைவை நானே சாக்பீசில் தரையில் வரைந்து காட்டினேன். இன்றைக்கும் பீரோ ஒரு இடத்திலும் இடிக்காமல் மேலே ஏறும்.

இதைப் படித்த என் வீட்டுக்காரி, "பீரோ ஏறும், மனுசன் ஏறுனா தலை இடிக்கும். அதையும் எழுதுங்க" என்கிறாள். எழுதிவிட்டேன்.

கடைசியாகச் செய்தது கோவையில் ஒரு ரைபிள் கிளப்புக்கு. சுட்ட அட்டையைப் பார்க்க ஐம்பது மீட்டர் நடந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் செயினும் தறி மோட்டாரும் வைத்து ஒரு இழுவை செய்து கொடுத்தேன். சுவிட்சைத் தட்டினால் அட்டை தானாகவே கைக்கு ஓடி வரும். அதனால்தான் ஆயுத பூஜைக்கு, "பெரியவர் நீங்கதான் ஆரம்பிச்சு வெக்கோணுமுங்க" என்று என்னை முன்னால் நிறுத்தினார்கள். குறை சொல்ல முடியாதபடி செய்து வைத்தேன்.

இவ்வளவும் செய்தவன் பேர் அந்தக் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் இல்லை. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். முழுக்கதையும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

என் மருமகளுக்கு சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை. வாரம் முழுக்கத் திரையையே பார்த்துக் கண் பூத்துப்போகிறது என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்புக்குப் போவாள். நான்தான் கூட்டிப் போவேன். மகன் அந்நேரத்துக்கு எழுந்திருக்கிற ஆள் இல்லை. அவள் சுடுவது கிளப்புக்குச் சொந்தமான ஒரு ரைபிள். சின்னக் குண்டு போடுகிற செமி ஆட்டோமேட்டிக். ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகரை ஒருதரம் அழுத்த வேண்டும், சுட்ட கூட்டைத் துப்பிவிட்டு அடுத்த தோட்டாவை அதுவே ஏற்றிக்கொள்ளும். நூல் சுற்றிய தார் தீர்ந்ததும் தானே புதுத் தார் மாட்டிக்கொள்கிற ஆட்டோ லூம் மாதிரி. முதல்முறை பார்த்தபோது இதைச் செய்தவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று இருந்தது.

கிளப் அணியில் மூன்று பேருக்குத்தான் இடம். இரண்டு இடம் முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு இவளும் ஒரு பல் டாக்டரும். கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இருவரும் பத்துப் பத்துக் குண்டு சுட வேண்டும், யாருடைய பத்தும் நெருக்கமாக விழுகிறதோ அவர்களுக்கு இடம். போன இரண்டு வருசமும் இவளுக்கு மயிரிழையில் போய்விட்டது. "இந்தத் தடவையும் போச்சுன்னா இனி வரமாட்டேனுங்க மாமா. ஞாயித்துக்கிழமை தூங்கிக்கிறேன்" என்று காரில் சொல்லிவிட்டாள். விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் கிளப் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஐப்பசியிலேயே கெட்டுப்போக ஆரம்பித்தது. டீ கிளாஸ் வாய்க்குள் அடங்குகிற அவளுடைய பத்துக் குண்டு, சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவியது. அட்டை என் இழுவையில் ஓடி வந்து நிற்கும். அவள் பார்ப்பாள், சுருட்டிப் பைக்குள் வைப்பாள்.

"கை போயிருச்சுங்க மாமா."

பயிற்சி கொடுக்கிறவர் உடுமலைப்பேட்டைக்காரர், பட்டாளத்தில் இருந்து வந்தவர். "டிரிகரைச் சுண்டி இழுக்கறே அம்மணி. பாதி மூச்சு விட்டு நிறுத்து. பழம் புழியற மாதிரி மெதுவா அமுக்கு" என்றார்.

"ஏனுங்க, மெஷினைப் பாத்தீங்களா?" என்றேன்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்லீங்ணா. ஆளைத்தான் பாக்கோணும்."

இந்தப் பேச்சு எனக்கு ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. முன்பு என் பட்டறையில் ஒரு டர்னர் கடைந்த ஷாஃப்ட் எல்லாம் ஒரு முனை பெருத்து ஒரு முனை சிறுத்து வந்தது. கை சரியில்லை என்று திட்டி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் லேத்தைத் துடைக்கும்போது பார்த்தால், பின்னால் தாங்குகிற பாகத்துக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒரு இரும்புத் துணுக்கு. அவன் வீட்டுக்கே போய், வாசலில் நின்று, தப்பு என்மேல்தான் என்று சொல்லிக் கூட்டி வந்தேன். அவன் இன்றைக்கும் என்னைக் கல்யாண வீட்டில் பார்த்தால், "ஏனுங் முதலாளி, அரிசி கெடைச்சுதுங்களா?" என்பான். அதிலிருந்து எனக்கு ஒரே சட்டம்: ஆளைக் கடைசியில்தான் குறை சொல்ல வேண்டும்.

ஒரு வாரம் மூச்சையும் டிரிகரையும் பார்த்தார்கள். அடுத்த வாரம் தோட்டாப் பெட்டியை மாற்றினார்கள். ஒரு பெட்டி ஒரு விதமாகச் சுடுமாம். அதற்கடுத்த வாரம் குறி பார்க்கிற ஸ்கோப்பின் திருகுகளை இறுக்கி, குழலைத் துடைத்தார்கள். அதுவரைக்கும் சரி, ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். இல்லாவிட்டால் எந்த மருந்தில் சுகமானது என்று தெரியாது. "குழலுக்குள்ள ரெண்டு சொட்டு நல்ல எண்ணெய் விட்டா என்னங்க?" என்றும் கேட்டேன். பட்டாளத்துக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த யோசனையை நானே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எதிலும் குணமில்லை.

அப்புறம்தான் என் வழிக்கு வந்தேன். "இன்னிக்கு நீ சுடு கண்ணு, நான் எழுதறேன்" என்றேன். ஒவ்வொரு குண்டுக்கும் பட்டாளத்துக்காரர் தூரக்கண்ணாடியில் பார்த்து எங்கே விழுந்தது என்று சொல்ல, என் கையிலிருந்த இன்னொரு அட்டையில் அதே இடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டேன். ஐந்து அட்டை அப்படிச் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன்.

வீட்டுக்காரி சாம்பார்ச் சட்டியோடு வந்து நின்றாள். "என்னங்க இது, பொருத்தம் பாக்கறீங்களா? அவளுக்குத்தான் கல்யாணமாயி நாலு வருசமாச்சே."

"சும்மா இரு. இதுல ஒண்ணு தெரியுது."

"என்ன தெரியுது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு ஒரே எடத்துல விழுகுது. நாலாவதுல இருந்து வலப்பக்கம் மேல ஏறிக்கிட்டே போகுது. அஞ்சு அட்டையிலயும் அதே."

"அதுக்கு?"

"கை தப்புனா நாலா பக்கமும் தப்பும். ஒரே பக்கமா தப்புனா அது கையில்ல, மெஷினு."

மருமகள் தட்டு வைக்க வந்தவள் அப்படியே நின்று ஐந்து அட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் இரத்தம் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "நான் இல்லீங்களா மாமா?" என்றாள். "நீ இல்ல கண்ணு" என்றேன். வீட்டுக்காரி சட்டியை அட்டை மேலேயே வைத்தாள். ஐந்தாவது அட்டையில் இப்போதும் சாம்பார்க் கறை இருக்கிறது.

தேர்வு நாளும் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் ஐந்து அட்டையையும் பட்டாளத்துக்காரர் முன்னால் வைத்தேன். அவர் எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு ரைபிளை எடுத்து வந்து, மேகசினைக் கழற்றி, உள்ளே தோட்டா இல்லை என்று எனக்கும் காட்டிவிட்டு மேசையில் வைத்தார். குழலுக்கும் அதன் கீழே இருக்கிற மரக்கட்டைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சந்து இருந்தது.

"இதென்னங்க சந்து? ஃபிட்டிங் சரியில்லையா?"

"அது அப்படித்தான் இருக்கோணுமுங்ணா. குழல் கட்டையத் தொடக்கூடாது. சுடச்சுடச் சூடாகும், அதிரும். எங்கயாச்சும் முட்டுச்சுன்னா குண்டு ஒதுங்கிரும்."

நான் சட்டைப்பையில் கைவிட்டேன். காலையில் கிழித்த நாள்காட்டித் தாள் அதில் இருந்தது. அதை இரண்டாக மடித்து, குழல் முனையிலிருந்து அந்தச் சந்துக்குள் விட்டு உள்ளே தள்ளிக்கொண்டே போனேன். நாலு விரல் தூரம் போனது. நின்றுவிட்டது.

"முட்டுதுங்க" என்றேன்.

பட்டாளத்துக்காரர் அலன்கீ எடுத்துத் திருகைக் கழற்றிக் கட்டையைத் தனியாகப் பிரித்தார். உள்ளே ஒரு பக்கமாக, மஞ்சளாக, கல் மாதிரி இறுகிப்போய் ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தார். மருமகளிடம் நீட்டினார். அவளும் முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"மாமா, இது நம்மூட்டுச் சந்தனமுங்க. அத்தை பன்னீர் ஊத்திக் குழைச்சது."

ஆயுத பூஜை அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேசை மேல் எல்லா ரைபிளும் படுத்திருந்தன. பட்டாளத்துக்காரர் ஒவ்வொன்றின் கட்டைக்கும் விரல் நுனியில் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றார். மற்றதற்கெல்லாம் அப்படித்தான் வைத்தேன். மருமகள் சுடுகிற ரைபிள் வந்தபோது மட்டும் மனசு கேட்கவில்லை. என் லேத்துக்கு வைக்கிற மாதிரி மூன்று விரலையும் கிண்ணத்தில் முக்கிக் குழலிலிருந்து கட்டை வரைக்கும் ஒரு பட்டை இழுத்தேன். வீட்டுக்காரி சந்தனத்தைக் கொஞ்சம் நீர்க்கக் குழைத்திருந்தாள். வழிந்து சந்துக்குள் இறங்கியிருக்கிறது. மேலே இருந்ததைப் பிற்பாடு துடைத்தார்கள், உள்ளே போனது யாருக்குத் தெரியும்?

பட்டாளத்துக்காரர்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "சாமி கும்பிட்ட கையாலயே மெஷினைக் கெடுத்துப்போட்டீங்ளேங்ணா!"

"பாசமுங்க" என்றாள் மருமகள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. "எல்லாத்துக்கும் பொட்டு. எனக்கு மட்டும் பட்டை!"

ஈரத்துணியால் கட்டையின் உட்பக்கத்தைத் துடைத்து, உலர வைத்து, திருகை அளவாக இறுக்கினார். தாளை மறுபடியும் விட்டேன். கடைசி வரைக்கும் தடையில்லாமல் போய் வந்தது. கட்டையைக் கழற்றி மாட்டியதால் குறி கொஞ்சம் நகர்ந்திருக்கும் என்று ஐந்து குண்டு சுட்டு ஸ்கோப்பைச் சரிசெய்துகொண்டார்கள்.

பல் டாக்டர் முதலில் சுட்டார். நல்ல மனுசன், நன்றாகவே சுட்டார். அவருடைய பத்தும் ஒரு எலுமிச்சம்பழம் மறைக்கிற அளவுக்குள் விழுந்தது. பிறகு இவள் படுத்தாள். நான் பின்னால் நாற்காலியில். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்தினாள். அழுத்தினாள். தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த பட்டாளத்துக்காரர் திரும்பாமலே கட்டைவிரலை மட்டும் எனக்குக் காட்டினார்.

சுவிட்சைத் தட்டினேன். அட்டை ஓடி வந்தது. பத்தும் ஒரு சோடா மூடிக்குள். பல் டாக்டரே அவளுக்குக் கைகொடுத்துவிட்டு, "பெரியவரே, அடுத்த பூஜைக்கு என் துப்பாக்கிப் பக்கம் வந்துராதீங்க" என்றார்.

மறுவாரம் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். அணியில் மூன்று பேர், மூன்றாவது என் மருமகள். அதற்குக் கீழே இரண்டு வரி. 'ரைபிளில் இருந்த பழுது கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது. இனிப் பூஜையின்போது சந்தனம் துப்பாக்கிப் பெட்டிக்கு மட்டுமே வைக்கப்படும்.'

கண்டறியப்பட்டதாம். யாரால்? அட்டை அட்டையாக எண் போட்டது யார்? நாள்காட்டித் தாளை விட்டுப் பார்த்தது யார்? கேட்டதற்கு, "உங்க பேரைப் போட்டா சந்தனம் வெச்சது யாருன்னும் போடோணுமே மாமா, அதான் போடலீங்க" என்கிறாள் மருமகள். அறிவிப்பை டைப் செய்ததே அவள்தான்.

போடு அம்மணி. சந்தனம் வைத்தது நான் என்று முதல் வரியில் போடு, எனக்கு வெட்கமில்லை. கண்டுபிடித்ததும் நான் என்று இரண்டாவது வரியில் போடு. இழுவை செய்தது நான் என்று இடமிருந்தால் மூன்றாவது வரியில் போடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே வாரேன், படிக்கிற கண்ணாடியும் எடுத்து வாரேன். பலகையில் என் பேர் இருக்க வேண்டும்.