முதலில் குறை, பிறகு சாப்பாடு

சென்ற வாரம் அலுவலகத்தில், மதிய இடைவேளையில், என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி ஒரு கண்ணாடிப் போத்தலின் மூடியைத் திருகித் திறந்தாள். வினாகிரியும் வெங்காயமும் ஊறிய மீனுமாக ஒரு மணம் எழும்பியது. ஹெர்ரிங் மீன். அறையில் இருந்த மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். அவள் வெட்கப்பட்டு மூடியைத் திரும்பப் போடப் போனாள். "வேண்டாம், திறந்தே வை" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. பாவம், எனக்கு மணம் பிடிக்கவில்லை என்று நினைத்து அவள் யன்னலையும் திறந்துவிட்டாள். மொன்றியலில், எல்லாம் உறைந்து கிடக்கும் தை மாதத்தில்.

எனக்குக் கோபம் மீன்மேல் இல்லை. மார்ட்டின் என்ற ஒரு மனிதர்மேல். பல வருடங்களாக வைத்திருக்கும் கோபம் அது, இன்னும் பழுதாகவில்லை. வினாகிரியில் போட்டதுபோல.

நாங்கள் அப்போது மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அம்மா மட்டக்களப்பில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இங்கே அவருக்குக் கிடைத்த வேலை, ஸ்னோடன் பகுதியில் தனியாக வாழ்ந்த எஸ்தர் என்ற யூதப் பெண்மணியைப் பார்த்துக்கொள்வது. எஸ்தர் கல்யாணம் கட்டாதவர். கோட்டுத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டாட்டத்தில் கூச்சமில்லாமல் கள்ளம் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு நானும் போவேன், என்னோடும் அப்படித்தான் ஆடுவார். பிடித்துவிட்டால், "நீ பிடிக்கிறியா எண்டு பாத்தன்" என்பார்.

இதை ஏன் எங்கள் பேச்சில் எழுதுகிறேன் என்றால், எஸ்தரும் அவருடைய ஆட்களும் ஆங்கிலத்தில் பேசியதையெல்லாம் நான்தான் அம்மாவின் காதுக்குள் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் அந்தக் குடும்பம் முழுவதும் என் நினைவில் மட்டக்களப்புத் தமிழ்தான் பேசுகிறது. அவர்களுக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

எஸ்தரின் குடும்பத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. போலந்தில் ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்த சகோதர சகோதரிகள் தொடங்கியது. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கல்யாணம் கட்டி வந்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு ஒரு நிலக்கீழ் மண்டபத்தில் கூடுவார்கள். தலைவர், செயலாளர், மேசையில் அடிக்க ஒரு மரச் சுத்தியல் எல்லாம் உண்டு. ஊர்ச் சங்கமும் கோயில் சபையும் எங்களுக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு இது விளங்கவில்லை. "ஏன் புள்ள, சொந்தக்காரர் கூடிச் சாப்பிடுறதுக்கும் தலைவர் வேணுமா?" என்றார்.

தலைவர் சாப்பாட்டுக்காக இல்லை, சாப்பாட்டுக்கு முந்திய நேரத்துக்காக. மேசைகளில் ஹெர்ரிங்கும் பின்னல் ரொட்டியும் நூடில்ஸ் புடிங்கும் வந்து நிறைந்துவிடும். ஒருவரும் தொடக் கூடாது. தலைவர் சுத்தியலால் தட்டி, "ஆருக்கு ஆரிலயாவது குறை இரிக்கா?" என்று கேட்பார். இருந்தால் எழும்பி, எல்லோர் முன்னிலையிலும், ஆளின் பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும். ஓம், செய்தேன் என்று சொல்லலாம். இல்லை, இன்ன காரணம் என்று சொல்லலாம். பேசாமல் இருக்க முடியாது. பதில் வரும்வரை அத்தனை பேரும் பசியோடு காத்திருப்பார்கள். பிறகு சண்டை பிடித்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட வேண்டும்.

சங்கத்தைத் தொடங்கியவர்களில் இரண்டு சகோதரர்கள் ஏதோ ஒரு விடயத்தில் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். ஒருவர் செத்த பிறகு, மற்றவருக்கு அது என்ன விடயம் என்றே நினைவு வரவில்லையாம். அன்றைக்குப் போட்ட சட்டம் இது.

எத்தனை குறைகள் கேட்டிருக்கிறேன். "என்ட மடிக்கிற கதிரையக் கொண்டுபோய் இன்னும் தரல்ல." "அது உடைஞ்சி போச்சி." "அப்ப உடைஞ்ச கதிரையத் தா." எஸ்தருக்கு மாதம் தவறாமல் ஒரு குறை இருக்கும். ஒருமுறை, குடும்பத்திலேயே வயதில் மூத்தவரான லூ என்ற ஒன்றுவிட்ட அண்ணன்மேல் எழும்பினார். "லூ, நீ வாறன் எண்டு சொன்ன. தேத்தண்ணி ஆறிப்போச்சி." லூ எழும்பி, "மழை பெய்ஞ்சிச்சி" என்றார். "உன்ட ஊட்டுக்கு மேல மட்டுமா?" மண்டபம் முழுக்கச் சிரித்தது. லூ, "சரி, எனக்குப் படுக்க விருப்பமா இரிந்திச்சி" என்று ஒப்புக்கொண்டு, வந்து எஸ்தருக்குப் பக்கத்தில் இருந்தார்.

உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்த யாரும் சொல்லலாம். மண்டபத்தைப் பராமரித்த கியூபெக்காரர், தன் வாகனத்தை மறித்து நிறுத்திய ஒரு மாமாமேல் பிரெஞ்சில் குறை சொன்னதை நானே பார்த்திருக்கிறேன். அந்த மாமாவுக்கு ஒழுங்காகப் பிரெஞ்சு வராது. வியர்க்க வியர்க்கப் பிரெஞ்சிலேயே பதில் சொல்ல வைத்தார்கள். பிறகு இருவரும் ஒரே தட்டிலிருந்து மீன் எடுத்தார்கள்.

எனக்கு அது ஒரு அதிசயம். எங்கள் குடும்பத்தில் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வோம். ரொறன்ரோவில் இருக்கும் என் பெரியப்பா, பெண்பிள்ளை ஒருத்தியின் சாமத்தியச் சடங்கில் தனக்கு முன்வரிசையில் கதிரை போடவில்லை என்று அப்பாவோடு பேசுவதில்லை. பேசுவதில்லை என்பதையும் அவர் சொல்லவில்லை, நாங்களாகக் கண்டுபிடித்தோம். பெண்பிள்ளைகள் கோபத்தைக் காட்டுவதோ இன்னும் மோசம். ஆகவே அந்த மண்டபத்தில் பெண்கள் கரண்டியை நீட்டி நீட்டிப் பேசுவதை நான் விருந்து பார்ப்பதுபோலப் பார்த்தேன்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது எஸ்தருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. புத்தி போகவில்லை. இடது கையால் சீட்டுப் பிடித்து அப்போதும் கள்ளம் செய்தார்.

இனி மார்ட்டின். எஸ்தரின் தம்பி மகன். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு, பெரிய கார், நல்ல சிரிப்பு. அந்த வருடம் சங்கத் தலைவரும் அவர்தான். இலையுதிர்காலத்துக் கூட்டம் ஒன்றில், சாப்பாடு மேசையில் இருக்க, அவர் எழும்பி அறிவித்தார். "எஸ்தர் மாமிக்கு ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்திரிக்கம். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில. அறையில இரிந்தே ஆத்துத் தண்ணியப் பாக்கலாம்." எல்லோரும் கைதட்டினார்கள். மொன்றியல் தீவின் மேற்கு முனை அது. எஸ்தர் அறிந்த ஒருவரும் அந்தப் பக்கம் இல்லை. கார் இல்லாதவர் போய்வர ஒரு நாள் வேண்டும்.

எஸ்தர் கரண்டியால் மேசையில் அடிக்கத் தொடங்கினார். பீங்கான்கள் குலுங்கின. "மாமிக்குப் பசி வந்திட்டு" என்றார் மார்ட்டின். சிலர் சிரித்தார்கள்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "அது பசியில்ல. குறை சொல்றா. எழும்பிச் சொல்லு புள்ள."

எழும்பினேன். பள்ளியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய தலைக்கனம் வேறு. குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். முதலில் எஸ்தரிடம் கேட்டேன், அங்கே போக விருப்பமா என்று. அவர் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு, கரண்டியை நேரே மார்ட்டினின் முகத்துக்கு நீட்டினார். "எஸ்தருக்கு மார்ட்டின்மேல் குறை இருக்கிறது. தன்னைக் கேட்காமல் முடிவு செய்தார் என்பது குறை" என்று மண்டபத்துக்குச் சொன்னேன்.

"குறை சொல்றது உறுப்பினர்மார் மட்டும்" என்றார் மார்ட்டின்.

லூ எழும்பினார். "அப்பிடி ஒரு சட்டமும் இல்ல. உன்னிலதான் குறை. சுத்தியல ஆரிட்டயாவது குடு, மார்ட்டின்."

"சாப்பிட்டிட்டுக் கதைப்பம். சூப் ஆறுது." சுத்தியலால் ஒரு தட்டு.

அவ்வளவுதான். முதலில் ஒரு கை நீண்டது. பிறகு நாலு கை. பிறகு மண்டபம் முழுவதும் கரண்டிச் சத்தம். லூ கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதிரையில் இருந்தார். பிறகு ஒரு துண்டு ரொட்டி எடுத்தார். அந்த ரொட்டித் துண்டை நான் மறக்க மாட்டேன். எஸ்தர் சாப்பிடவில்லை. அம்மா சாப்பிடவில்லை. நானும்தான், பசியில் உயிர் போனது.

சாப்பிட்ட பிறகு கேக் வந்தது. கேக்குக்குப் பிறகு கோட்டுகள் வந்தன. எஸ்தரின் குறைக்கு முறை வரவே இல்லை.

பனி கொட்டுவதற்கு முன்பே எஸ்தரைக் கொண்டுபோய்விட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தன் காரில் கூட்டி வருவதாக மார்ட்டின் சொல்லியிருந்தார். ஒருமுறைகூடக் கூட்டி வரவில்லை. முதலில் வீதி சறுக்குது, பிறகு மாமிக்குக் களைப்பு என்றார். அம்மாவும் நானும் மெட்ரோவும் பேருந்துமாக மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். எஸ்தர் தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி இருப்பார். அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.

இந்தக் கதையைச் சொன்னால் என் சின்னம்மா, "அவங்கட ஆக்கள் அப்பிடித்தான் புள்ள" என்பார். அதுவும் எனக்குக் கோபம். எங்கட ஆக்கள் எஸ்தருக்கு அந்தக் குறை நேரத்தையே கொடுத்திருக்க மாட்டார்கள்.

இப்போது நான் முதியவர்களோடு வேலை செய்யும் சமூகப் பணியாளர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். சின்னம்மா இதைப் பேருந்தில் முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்வார். தொழில் கற்ற பிறகு எனக்குத் தெரிகிறது, மார்ட்டின் செய்தது ஒருவேளை சரியாகவே இருந்திருக்கலாம். எஸ்தரின் வீட்டுக்குப் படிகள் இருந்தன. இரவில் அவருடன் யாரும் இல்லை. நல்ல காரணங்கள். அவற்றை மார்ட்டின் எழும்பி நின்று, அந்தக் கரண்டியைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எஸ்தருக்கு உரிய பதில் அது. அதைச் சொல்லாமல் தப்பிச் சூப் குடித்தார்.

போன குளிர்காலத்தில் ஒரு மருந்துக்கடை வரிசையில் மார்ட்டினைக் கண்டேன். நரைத்துவிட்டார். அதே நல்ல சிரிப்பு. "நீ அந்த அம்மாட மகள்தானே" என்று கட்டிப்பிடித்தார். நான் படித்துவிட்டேன் என்று கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டார். லூ இறந்துவிட்டார் என்றார். மண்டபம் இப்போது உடற்பயிற்சிக் கூடமாம். சங்கம் இருக்கிறதாம், வருடத்துக்கு இரண்டு முறை கணினித் திரையில் கூடுகிறார்களாம்.

"குறை நேரம்?" என்று கேட்டேன்.

"அத எப்பவோ நிப்பாட்டிட்டம். இப்ப சண்டையே இல்ல."

நான் சொன்னேன். வரிசையில் நின்றபடி, பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து. "மார்ட்டின், உங்கள்மேல் எஸ்தருக்கு ஒரு குறை இருந்தது. நீங்கள் பதில் சொல்லவில்லை." எங்களுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தலையைச் சற்றுச் சரித்தார். "உனக்கு அப்பிடித் தோணினதுக்கு நான் வருந்துறன்" என்றார், மிகவும் மென்மையாக. மருந்துப் பையை வாங்கி, கடைக்காரருக்கு "மெர்சி" என்று நன்றி சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்த மண்டபத்தின் நல்ல காலத்தில் இப்படி ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால், அது பதில் இல்லை என்று நாற்பது பேர் பசியோடு கத்தியிருப்பார்கள்.

போவதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். அப்படி ஒரு நேரம் இருந்தது என்பதே தன் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாதாம். பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பிள்ளைகளில் ஒன்றுக்கு நாளை யார்மேலாவது குறை வந்தால் அது எங்கே போய் எழும்பி நிற்கும் என்று நான் யோசிக்கிறேன். பதில் வரும்வரை அதற்காக யார் சாப்பிடாமல் இருப்பார்கள்?