ஆணியில் மாட்டிய கேபிள்

மோட்டார் மூன்றாம் முறை வந்த அன்று ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள். முதலாளி இருந்தார். தூத்துக்குடியிலிருந்து தன் விசைப்படகின் மோட்டாரைச் சுமந்து வந்த லாஞ்ச்காரர் இருந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் பாய் இருந்தார். சுற்றி முடித்ததை ஓட்டிப் பார்ப்பது என் வேலை. நான் இருந்தேன்.

ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் தகர ஷெட். எண்பதுகளின் கடைசி. எங்களுக்கு வருவதெல்லாம் கிணற்று மோட்டார், கம்பெனி மோட்டார். லாஞ்ச்காரரின் மச்சினன் இங்கே வேலை பார்த்தான். பாய் சுற்றினால் பத்து வருசம் பார்க்க வேண்டாம் என்று அவன் சொல்லித்தான் நங்கூரம் தூக்கும் மோட்டார் இவ்வளவு தூரம் வந்தது. பேட்டரியில் ஓடுவது. நாங்கள் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை.

முதல் முறை, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் கருகி வந்தது. பாய் நான்கு நாள் சுற்றினார். மூங்கில் சிம்பால் ஒவ்வொரு கம்பியையும் காடிப் பள்ளத்துக்குள் தட்டி உட்கார வைப்பார். அவசரப்பட மாட்டார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். எந்த மோட்டார் வந்தாலும் அதோடு வரும் கேபிளைக் கழற்றி, பெயர்ச் சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவோம். ஓட்டிப் பார்ப்பது எங்கள் கேபிளில், எங்கள் கரண்டில்; பேட்டரி மோட்டார் என்றால் எங்கள் பேட்டரியில். முடிந்ததும் அவர்கள் கேபிளையே திரும்ப மாட்டி அனுப்புவோம். முன்பு யாரோ கொண்டுவந்த கேபிள் உரசி எங்கள் பேட்டரி வெடித்தது. அதிலிருந்து முதலாளி போட்ட சட்டம் அது.

இந்த மோட்டாரோடு கை நீளத்துக்குத் தடித்த கறுப்புக் கேபிள் வந்தது. மேல்தோல் பளபளவென்று இருந்தது. ஆணியில் மாட்டினேன். எங்கள் கேபிளில் ஓட்டினேன். கல்லைக் கட்டித் தூக்க வைத்தேன். தூக்கியது. கேபிளைத் திரும்ப மாட்டி அனுப்பினேன்.

இரண்டு மாதத்தில் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பொத்தான அமுக்குனா டக்குன்னு ஒரு சத்தம். நங்கூரம் பாதி தூரம் வரும். அப்புறம் உறுமிக்கிட்டே நின்னுரும். மோட்டார தொட முடியல, அவ்வளவு சூடு" என்றார் லாஞ்ச்காரர்.

பாய் மறுபடி சுற்றினார். மறுபடி ஓட்டினேன். மறுபடி தூக்கியது. பாய் தாடியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏம்பா, அவங்க கேபிள்லயே ஒருதரம் ஓட்டிப் பாரேன்."

"மொதலாளி திட்டுவாரு பாய். மேல்தோலப் பாருங்க, புதுசாட்டம் இருக்குது."

"அதுவும் சரிதான்" என்றார். டீ குடிக்கப் போனோம்.

மூன்றாம் முறை வந்தபோது லாஞ்ச்காரர் கத்தவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். காற்று எழுந்த நேரம் நங்கூரம் பாதியில் நின்றுவிட்டது. கையால் சங்கிலியை இழுக்கப் போய்ப் பையன் ஒருவனின் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. புது மோட்டார் வாங்கிக்கொள்கிறேன், இது உங்களிடமே கிடக்கட்டும் என்றார்.

முதலாளி பாயைப் பார்த்தார்.

"கெணத்துத் தண்ணிக்கு வர்ற கை, கடல் தண்ணிக்கு வரமாட்டேங்குதே பாய்."

பாய் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"எங்கியோ தட்டும்போது கம்பில கீறல் உழுந்திருக்கும் மொதலாளி. என் மேலதான் தப்பு."

"நாளையிலிருந்து வேணாம் பாய்."

பன்னிரண்டு வருசம் அந்த ஷெட்டில் இருந்தவர். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். மூங்கில் சிம்பை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அதை எடுத்து என் பெட்டியில் வைத்தேன்.

எட்டு மாதம் போயிற்று. எங்கள் கேபிள் ஒன்று அறுந்தது. ஆணியில் லாஞ்ச்காரர் விட்டுப்போன அந்தக் கறுப்புக் கேபிள் தொங்கியது. முதலாளி ஊரில் இல்லை. எடுத்து, ஓட்டிப் பார்க்க வேண்டிய ஒரு பேட்டரி மோட்டாரில் மாட்டினேன். சும்மா ஓட்டும்போது மோட்டார் ஓடியது. கல்லைக் கட்டினேன். உறுமி நின்றது. கேபிளைத் தொட்டேன். ஒரு முனை கொதித்தது. மடக்கினேன். உள்ளே மணல் நெரிகிற மாதிரி சத்தம்.

தோலை லேசாகக் கீறினேன். பச்சைப் பொடி கொட்டியது. உப்புத் தண்ணீர் முனை வழியாக ஏறி உள்ளேயே செம்பைத் தின்றிருக்கிறது. எங்கள் பக்கம் கேபிள் கெட்டால் வெளியே தெரியும். எலி கடித்திருக்கும், இல்லை வெயிலில் வெடித்திருக்கும். இப்படி நாங்கள் பார்த்ததில்லை.

பாய் குருபரப்பள்ளியில் ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். கேபிளையும் சிம்பையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"வாப்பா. ஏன், வண்டி பஞ்சரா?"

"பஸ்ல வந்தேன் பாய்."

"அப்ப டீ சொல்றேன்."

கேபிளை எடுத்து வைத்துச் சொன்னேன். உங்கள் கை சுற்றியது சரிதான், கேபிள்தான் மோட்டாருக்குக் கரண்டைப் போக விடவில்லை என்றேன். அன்றைக்கு நீங்கள் ஓட்டிப் பார்க்கச் சொன்னீர்கள், நான்தான் ஓட்டவில்லை என்றேன்.

"நான் சொன்னேனா? ஞாபகமில்ல." டயரில் குத்தியிருந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டார். "பக்கத்து தோட்டத்துக்காரர் கெணத்து மோட்டார் கொண்டாந்தார். தொட பயமாயிருந்துச்சு. வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் யாரும் கொண்டாரல."

சிம்பை நீட்டினேன். வாங்கவில்லை. கையெல்லாம் டயர் கறுப்பு.

"முழுசா தோல உரி" என்றார்.

உரித்தேன். நூறுக்கு மேல் மெல்லிய செம்பு இழைகள் இருக்க வேண்டிய கேபிள்.

"பொடியாவாம எத்தன இருக்குதுன்னு எண்ணு."

எண்ணினேன். இரண்டு முறை எண்ணினேன்.

ஆறு.