ரோஜாப்பூ இல்லாத கல்யாண கேசட்

அண்ணனை நானா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுகிற வீடு எங்களுடையது. லாத்தாவின் நிக்காஹ் நடந்தபோது நானா துபாயில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. கல்யாண வீடியோவை ஒரே கேசட்டாகச் சுருக்கி, ஊருக்கு வந்திருந்த நண்பரிடம் கொடுத்தனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். கடைசி வரி இது: "உம்மா வர்ற இடம் எதையும் வெட்டிடாதீங்க. பாத்து நாலு வருஷமாச்சு."

எங்களிடம் இரண்டு கேசட் இருந்தது. எடுத்தவர் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா. சுருக்குவதற்கு இரண்டு வழி. ஒன்று, காரைக்கால் கடைத்தெருவில் இருந்த ஸ்டுடியோ. மற்றது, எங்கள் வீடியோ டெக்கையும் மாமா வீட்டு டெக்கையும் ஒயரால் இணைத்து, ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிவது. வேண்டாத இடம் வந்தால் பதிவதை நிறுத்திவைக்க வேண்டியதுதான். எனக்கு ஸ்டுடியோதான் வேண்டும். அங்கே மணப்பெண்ணின் முகம் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து வரும். அது இல்லாமல் என்ன கல்யாண கேசட்?

எங்கள் ஊரான பட்டினத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். ஸ்டுடியோக்காரர் மாதிரிக்கு ஒரு கேசட் போட்டுக் காட்டினார். ரோஜா வந்தது. ஆரம்பம் முதல் கடைசி வரை சினிமாப் பாட்டு.

"பேசுற சத்தம் கேக்காதாங்க?" என்றார் மாமா.

"அது வெறும் இரைச்சல்ங்க. எடுத்துட்டுப் பாட்டு போட்டுடுவோம்."

எனக்குச் சம்மதம்தான். மாமாதான் வீட்டில் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்றார். பார்த்தோம். உம்மா ஓர் இடத்திலும் இல்லை. கேமராவைக் கண்டதும் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றவர், அங்கிருந்தே கல்யாணத்தை நடத்தியிருக்கிறார். "அந்தப் பாயை விரிங்க." "மாப்புள ஊட்டுக்காரங்களுக்குத் தண்ணி குடுங்க." குரல் மட்டும்தான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு நாள் முகத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

பிறகு பந்தி வந்தது. படத்தில் நெய்ச்சோறு ஆக்கிய பெரிய தேக்சாப் பாத்திரம். உம்மாவின் குரல்: "பெரியவனுக்கு எடுத்து வெச்சாச்சா?"

"வெச்சாச்சு, வெச்சாச்சு" என்றார்கள் யாரோ.

பெரியவன் என்றால் நானா. நாலு வருஷமாகியும் அந்தக் கேள்வி உம்மாவின் வாயை விட்டுப் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோஜா வேண்டாம் என்று நானே சொன்னேன்.

இரண்டு நாள் டெக்குகளோடு மல்லுக்கட்டினோம். உம்மாவின் குரல் கேட்கிற இடத்தையெல்லாம் வைத்துக்கொண்டோம். படத்தில் அங்கே வாசல் செருப்புகளோ மாமாவின் கட்டைவிரலோதான் இருக்கும். லாத்தா பார்த்துவிட்டு, "இது என் கல்யாணமா, உம்மா கல்யாணமா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நானாவின் கடிதம் வந்தது. கூட இருப்பவர்கள், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குச் செருப்புகள்தான் வந்திருந்தனவா என்று சிரிக்கிறார்களாம். அவர் மட்டும் தினமும் வேலை விட்டு வந்ததும் போட்டுக் கேட்கிறாராம். கடைசியில் ஒரு கேள்வி: "எனக்கு எடுத்து வெச்ச சோத்தை யாரு சாப்பிட்டது?"

உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைச் சுட்டிக் கையை நீட்டினார்.

"இவதான்னு எழுது."

எழுதினேன். உண்மையும் அதுதான்.