எண்பத்து நாலு தாளும் ஒரு கொலுசும்

ஸ்ரீரங்கத்தையும் திருச்சியையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1983 ஆவணியில் நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

என் மனைவி வசந்தா கல்யாணத்துக்கு முன் சென்னையில் கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் வரைந்துகொண்டிருந்தாள். எட்டு நிமிடப் படம் ஒன்றில் மழைக்காட்சி அவளுடையது. ஒரு சிறுமி குடையை உதறிவிட்டு ஓடுவாள். ஏழு விநாடிதான், அதற்கு எண்பத்து நாலு தாள். படம் முடிவதற்குள் கல்யாணமாகி மணப்பாறைக்கு வந்துவிட்டாள். தான் வரைந்த பெண் ஓடுவதை அவள் திரையில் பார்த்ததே இல்லை. கண்ணைச் சிமிட்டினால் போய்விடுமே என்று நான் கிண்டல் செய்வேன். அந்தப் படத்தைத் திருச்சியில் ஒரு கல்லூரி ஹாலில், சனிக்கிழமை பதினொன்றரைக்குப் போடுவதாகத் தெரிந்தது.

மணப்பாறையில் எட்டேகாலுக்கு பஸ். முப்பத்தெட்டு கிலோமீட்டர், மூன்றரை ரூபாய். ஒன்பதரைக்கு ஜங்ஷனில் இறங்கினோம். திருச்சி வரை போய்விட்டுப் பெருமாளைப் பார்க்காமல் வரக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. நேரம்தான் இருக்கிறதே என்று டவுன் பஸ் ஏறினேன். வசந்தா வாட்சைப் பார்த்தாள்.

சன்னிதியில் திரை போட்டிருந்தது. "தளிகை அமுது செய்யறார், செத்த இருங்கோ" என்றார் வரிசையை ஒழுங்கு செய்தவர். உள்ளே நைவேத்தியம் நடக்கிறதாம். வரிசையை விட்டு வரவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. திரை விலகியபோது மணி பதினொன்றே முக்கால்.

ஹாலுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டரை. அவள் படம்தான் முதலில் ஓடியிருக்கிறது. இடைவேளையில் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். வசந்தா பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

புரொஜக்டரோடு இருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் வசந்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

"எப்படியும் ரீலைத் திருப்பிச் சுத்தணுங்க. புரொஜக்டர் லைட்டைப் போட்டே சுத்தறேன், படம் பின்னாலிருந்து தெரியும், அம்மாவை முன்னாடி வரச் சொல்லுங்க."

படம் முடிவிலிருந்து ஓடியது. சிறுமி பின்பக்கமாகவே ஓடி வந்தாள். சிறுமி பின்பக்கமாகவே ஓடி வந்தாள். தரையில் சிதறிய துளிகள் எழும்பிக் குடையில் போய் ஒட்டிக்கொண்டன. முழுதும் சுற்றியபின், அவரே மறுபடி நேராகவும் ஓட்டினார். அந்த ஏழு விநாடியும் நான் கண் சிமிட்டவில்லை.

வசந்தா அழுதுகொண்டே சிரித்தாள். "ஒரு தாள்ல கொலுசு போட விட்டுட்டேங்க. இத்தனை நாளா அதே கவலை. யாருக்குமே தெரியலை பாருங்க."

திருச்சியில் நேரம் குறித்த வேலை இருந்தால் அதை முதலில் முடியுங்கள். பெருமாள் படுத்திருப்பவர், எங்கும் போய்விட மாட்டார். கையால் வரைந்த பழைய படம் எங்காவது ஓடினால், வேறெதையும் விட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள். விடுபட்ட அந்த ஒரு கொலுசைப் பற்றி வசந்தா பேசினாள். மற்ற எண்பத்து மூன்றையும் அவள் போட்டிருந்தது எனக்கு அன்றுதான் உறைத்தது.