ஒரு சாண் குறைந்த நிலை

அன்று அப்பாவுக்குத் தெரிந்துதான் இருந்ததா? எனக்குக் கல்யாணமாகி, ஒரு பெண்ணும் பிறந்து, அவளுக்கும் நான்கு வயதாகிவிட்டது. இன்னும் விடை தெரியவில்லை. அப்பாவிடமே கேட்கலாம், தைரியம்தான் இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு வாசல் நிலை வைக்க வைகாசியில் ஒரே ஒரு நல்ல நாள்தான் பாக்கி. அதை விட்டால் ஆவணி வரை காத்திருக்க வேண்டும். நிலைக்கால் எவ்வளவு உயரம் என்பதை ஆசாரி ஒரு கயிற்றில் அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அப்பா பொன்னமராவதி மரவாடிக்கு வண்டி பூட்டினார். அழுது அடம்பிடித்து நானும் ஏறிக்கொண்டேன்.

"ஆத்தா, இந்தக் கயிறு ஒம் பொறுப்பு" என்று என்னிடம் கொடுத்தார் அப்பா.

வாடியில் அவர் ஒவ்வொரு மரத்தையும் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ஒன்றில் கணு, ஒன்றில் வெடிப்பு.

"மரம் வாங்க வந்தீங்களா, மருமக பாக்க வந்தீங்களா?" என்றார் வாடிக்காரர்.

"மருமகளா இருந்தா கோவிச்சுக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிருவா. இது வாசல்லயே நிக்கணுமுல்ல!"

அதற்குள் நான் ஒரு கட்டைக்குக் கயிற்றைக் கடிவாளமாகக் கட்டிக் குதிரை ஓட்டியிருந்தேன். முடிச்சு அவிழ்ந்துபோனது. ஏறக்குறைய அதே இடத்தில், என் சடை ரிப்பனைப் போலவே அழகாக முடிந்துவைத்தேன். மஞ்சள் வைரம் பாய்ந்த பலாமரம் ஒன்று அப்பாவுக்குப் பிடித்துப்போக, என் முடிச்சளவுக்கே இரண்டு கால்களும் அறுபட்டன.

ஊரில் ஆசாரி கால்களை நிறுத்திப் பார்த்தார். ஒரு சாண் குறைந்தது. விடிந்தால் முகூர்த்தம். கயிற்றை எடுத்தவர், "இது நான் போட்ட முடிச்சு இல்லீங்களே" என்றார்.

அப்பா கயிற்றை வாங்கி மளமளவென்று சுருட்டினார். "நான்தான் வண்டியில அவுத்து முடிஞ்சேன். எம் புத்தி!"

அம்மா அவரைத் திட்டித் தீர்த்தார். குட்டை நிலையே நின்றது. நெட்டைச் சித்தப்பா வரும்போதெல்லாம் தலையை இடித்துக்கொண்டு, குனிந்து நுழைந்து, "அண்ணே, ஒங்க வீட்டுல நல்ல மரியாதை!" என்பார். எல்லோரும் சிரிப்போம். அப்பாவும் முடிச்சை அவிழ்த்திருக்கிறார், நான் தப்பித்தேன் என்றுதான் அன்று நினைத்தேன்.

நேற்று என் மகள் அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டாள். யோசிப்பதற்குள், "நான்தான் மிதித்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் நிம்மதியாக விளையாடப் போனாள், எனக்குத்தான் தூக்கமில்லை. பிள்ளை வளர்த்த சகோதரிகளே, நான் செய்தது சரியா? இல்லை, இன்றே அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லச் சொல்லட்டுமா? தயவுசெய்து எழுதுங்கள்.