வாய்க்கு எட்டுற கை

என் புருசன் குடிச்சிட்டு மடுகரையிலேர்ந்து வண்டியில வரும்போது ரோட்டோரம் சரிஞ்சி வலது முழங்கைய ஒடச்சிக்கினாரு. என்னை அடிக்கிற கை அதுதான். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரேயத் தூக்கிக் காட்டுனாங்க, எலும்பு துண்டு துண்டா கெடந்துச்சி. எனக்கு வயித்துல பால வாத்த மாதிரி இருந்துச்சி. இப்புடிச் சொல்றது பாவம்னு தெரியும். சொல்லத்தான் போறேன்.

ஆபரேசன் பண்ணி, தகடு வெச்சி, ஸ்க்ரூ போட்டு அனுப்புனாங்க. தையல் பிரிச்சப்பறம் வில்லியனூர்ல பிசியோதெரபி. அங்க இருந்த பொண்ணு என்னத் தனியா உக்கார வெச்சிச் சொல்லிக் குடுத்தா: "அக்கா, முழங்கை சீக்கிரம் இறுகிப் போயிடும். வூட்டுல நீங்கதான் டெய்லி செய்ய வெக்கணும். மடக்கறது, நீட்டறது ரெண்டுமே முக்கியம். நீட்டறத விட்டுட்டீங்கன்னா கை பாதியிலயே நின்னுடும்." மெதுவா செய்யணும்னும் சொன்னா. அது என் காதுல ஏறல.

மறுநாளே ஆரம்பிச்சேன். எங்க ஊரு உறுவையாத்துல தெருவே கேக்குற மாதிரி கத்துவாரு. பக்கத்து வூட்டுக்காரங்க ஓடியாந்து, "இன்னாம்மா இது, பாவம் மனுசன்"னு நின்னாங்க. இத்தினி வருசமா நான் கத்துனப்ப ஒரு நாதி எட்டிப் பாக்கல. "டாக்டர் சொன்னதுங்க"ன்னு சொல்லிட்டு இன்னொரு தடவ மடக்குனேன்.

மடக்கறதுல நான் கொறையே வெக்கல. அந்த ஆளுக்குச் சோறு ஊட்டி ஊட்டி எனக்கே வெறுத்துப் போச்சி. தானா துன்னுட்டுப் போகட்டும்னுதான். நீட்டும்போதுதான் அவருக்கு உசுரு போற வலி. மாமியாரால தாங்க முடியல. "அந்த நீட்டறத விட்டுடுடி, எம் புள்ள செத்துடுவான் போலக்குது. மடக்குனா சோறு துன்னலாமில்ல, அது போதும்"னு அழுதாங்க.

பிசியோ பொண்ணு சொன்னத அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம். "சரிங்க அத்தை"ன்னேன். அவ்ளோ அடக்கமான மருமகளா நான் என்னைக்குமே இருந்ததில்ல. பிசியோவுக்கு மறுபடி வரச் சொன்ன நாளும் வந்துச்சி, போச்சி. நான் ஞாபகப்படுத்தல.

பல மாசம் கழிச்சி டாக்டர் கையப் புடிச்சிப் பாத்துட்டு, "ரொம்ப இறுகிடுச்சி, இதுக்கு மேல நீட்ட வராதுப்பா"ன்னாரு. இவரு தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. சோறு வாய்க்கு எட்டுது, கிளாஸும் எட்டுது, வேற இன்னா வேணும்னு நெனப்பு.

பழையபடி குடி. ஒரு மத்தியானம் கொழம்புல உப்பு கூடிப் போச்சின்னு எழுந்து கைய வீசுனாரு. நான் நின்ன எடத்துலேர்ந்து நகரல. கன்னத்துக்கு ஒரு சாண் முன்னாடியே கை நின்னுடுச்சி. திரும்ப வீசுனாரு, காத்துதான் வந்துச்சி. போதையில காலும் முன்னால வரல. கையவே பாத்துக்கினு நின்னவரு, அப்பறம் என் மொகத்தப் பாத்தாரு.

"வேணும்னே பண்ணியாடி?"

"ஆமா"ன்னேன். தட்ட அவரு பக்கமா நகத்தி வெச்சி, உக்காந்து சாப்புடச் சொன்னேன்.