சான் ஹோசே எகிப்து அருங்காட்சியகமும் எங்கள் மிட்டாயும்

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிளசன்டனிலிருந்து சான் ஹோசேக்குக் கிளம்பினோம். ஆறாம் வகுப்பில் என் மகள் நிலாவுக்குப் பண்டைய எகிப்து பாடம் என்பது வெளியில் சொன்ன காரணம். உண்மையில், அவள் மூன்று வாரமாக அப்பாவோடு பேசவில்லை.

எங்கள் பூனை மிட்டாய்க்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. நிலா பள்ளியில் இருந்த ஒரு மதியம் அது வலி தாங்காமல் கத்த, என் கணவர் அருள் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். இனிக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் சொல்ல, வலியில்லாமல் உயிர்பிரிய ஊசி போடச் சம்மதித்துவிட்டார். நிலா வந்தபோது காலிக் கூடைதான் இருந்தது. "யூ டிட்ன்ட் வெயிட் ஃபார் மீ" என்றாள். அதோடு சரி.

680 நெடுஞ்சாலையில் தெற்கே முப்பத்தைந்து மைல். 9:40-க்குக் கிளம்பி 10:30-க்குச் சேர்ந்தோம். வழியெல்லாம் அருள் ஏதேதோ கேட்டுப் பார்த்தார். அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. மூன்று டிக்கெட் முப்பது டாலர்.

எல்லாரும் மம்மிகளைத் தேடித்தான் ஓடுகிறார்கள். நீங்கள் முதலில் அன்றாட வாழ்க்கைப் பகுதிக்குப் போங்கள். மாவு அரைக்கும் பெண், ரொட்டி சுடும் ஆள் என்று சின்னச் சின்ன மர உருவங்கள். கண்மைக் குப்பி, அதற்கான குச்சி. மரத்தாலான தலையணை (எப்படித்தான் தூங்கினார்களோ). ராஜா ராணியெல்லாம் மறந்துபோய், பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல இருக்கும்.

நிலா ஒரு பூனை மம்மியின் முன் நின்றுவிட்டாள். விளக்கம் சொல்ல வந்த தன்னார்வலர் அம்மாள், அது கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது என்றார். வீட்டில் வளர்த்த பூனை இறந்தால் குடும்பமே புருவத்தை மழித்துக்கொள்ளும் என்று, அங்கே போய்வந்த ஒரு கிரேக்கப் பயணி எழுதியிருக்கிறாராம். அப்பாக்களுமா என்று நிலா ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டில் இருக்கும் எல்லாருமே என்றார் அவர். அருள் கண்ணாடிப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு வீடு திரும்பியதும் அருள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகத்தில் இரண்டு புருவமும் இல்லை. திங்கட்கிழமை அவருக்கு கிளையன்ட் மீட்டிங் வேறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நிலா மெல்ல அவர் நெற்றியைத் தொட்டாள். "டிட் இட் ஹர்ட், அப்பா?"

"இல்லடா. மிட்டாய்க்கும் வலிக்கல. கடைசி வரைக்கும் என் மடியிலதான் இருந்துச்சு. உன் பேரச் சொல்லிக்கிட்டே தடவிக் குடுத்தேன்."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. நிலா அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மிட்டாய் போனதிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

போக நினைப்பவர்களுக்கு: திறக்கும் நேரத்தை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காலையிலேயே போனால் கூட்டம் இருக்காது, இரண்டரை மணி நேரம் போதும். துக்கத்தை முகத்தில் காட்ட அந்தக் கால எகிப்து மக்களுக்கு ஒரு வழி இருந்திருக்கிறது. நாங்கள் மூன்று வாரம் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருந்தோம்.

புருவம் முழுசாக வளர எட்டு வாரம் ஆனது. தினமும் காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன், நிலா அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.